பீரோவில் இருந்த வேன்

கேன்காரம்மா என்றால் அந்தத் தெருக்களில் தெரியாதவர் இல்லை. குடிதண்ணீர் கேனைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறுவாள். காலி கேனோடு இறங்கும்போது, லிஃப்ட் வைக்காத கட்டிடக்காரரை நாலு நல்ல வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டே இறங்குவாள். புருஷன் இருந்தவரை அவன் வேன் ஓட்டினான், அவள் கேன் தூக்கினாள். அவன் படுக்கையில் விழுந்ததும் அவளே ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்தாள். அவன் போன பிறகு இரண்டு வேலையும் அவள் தலையில். வாடகை, மகளின் படிப்பு, அடுப்பு எல்லாம் அந்தப் பழைய வேனை நம்பித்தான் இருந்தன.

புருஷன் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரமோ நகையோ, முக்கியமானது எதுவானாலும் மூத்த மகனான, அவள் புருஷனின் அண்ணன் வீட்டு இரும்பு பீரோவுக்குப் போய்விடும். வேன் வாங்கிய அன்றே வண்டி புக்கும் போனது. அவள் ஜெராக்ஸை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம் பொல்லாதது. காவல் காத்த மூத்தவருக்கு, காலப்போக்கில், உள்ளே இருப்பதெல்லாம் தன்னுடையது என்ற நினைப்பே வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மற்றவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு காலை அவள் கேன் ஏற்றிக்கொண்டிருக்கும்போது யாரோ ஓர் ஆள் வந்து டயரை உதைத்துப் பார்த்தார்.

"யாருங்க நீங்க?"

"புரோக்கர்மா. ஓனர் வண்டிய விக்கிறதா சொன்னாரு. புக்கு அவர் கையில இருக்கு, நானே பாத்தேன்."

 உடனே மூத்தவருக்குப் போன் போட்டாள்.

"உனக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டம்? நீ கேன் தூக்குறது எனக்குத்தான் தலைகுனிவு. வித்துட்டு மாசாமாசம் உனக்கு ஏதாவது குடுக்கறேன்" என்றார் அவர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

அவள் கேன்களை இறக்காமலேயே வண்டியைப் போக்குவரத்து அலுவலகத்துக்கு விட்டாள். கெஞ்சத்தான் போனாள். புக் வைத்திருப்பவர்தான் சொந்தக்காரர் என்று அவளும் நம்பியிருந்தாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அம்மாள் அவள் சொன்னதையெல்லாம் கேட்டு, கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"வண்டி உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவருக்கப்புறம் வாரிசுங்க நீங்க, உங்க பொண்ணு, அவரோட அம்மா. அவரோட அண்ணன் இதுல எங்கம்மா வந்தாரு?"

"புக்கு அவர்கிட்ட இருக்குதேம்மா."

"இருந்துட்டுப் போகட்டும். எங்க பதிவுல இருக்கிற பேர்தான் பேச்சு. அவர் தலைகீழா நின்னாலும் விக்க முடியாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் கொண்டாங்க. மாமியார் நேர்ல வந்து சம்மதம்னு கையெழுத்துப் போடணும்."

மாமியாரா? அங்கேதான் சிக்கல். கிழவி இருப்பது மூத்தவர் வீட்டில், சாப்பிடுவது அவர் சோறு. மருமகளை ஒரு நாளும் வாயாரப் புகழ்ந்தவள் இல்லை.

சான்றிதழ்கள் கைக்கு வந்ததும் மூத்தவர் வீட்டுக்குப் போய் மாமியார் முன் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். மூத்தவர் குறுக்கே விழுந்தார்.

"அம்மா, நீ எதுலயும் கையெழுத்துப் போடாதே. பீரோவுல எங்கிட்ட இருக்கு, அப்போ அது என்னுதுதான்."

அந்த ஒரு வாக்கியத்தில் மனிதர் கெட்டார். கிழவி தலையைத் திருப்பி மகனை உற்றுப் பார்த்தாள்.

"அந்த பீரோவுலதான்டா என் ரெட்ட வட சங்கிலியும் இருக்கு. அதுவும் உன்னுதா?"

மூத்தவரின் கை இடுப்பிலிருந்த பீரோ சாவிக்குப் போனது.

"போய் அந்தப் புக்க எடுத்துட்டு வா. அப்படியே என் சங்கிலியையும் எடுத்துட்டு வா" என்றாள் கிழவி. பிறகு மருமகளிடம், "உன் வாய் எனக்குப் புடிக்காதுடீ. ஆனா எம்புள்ள படுத்துக் கெடந்தப்போ அவனையும் வண்டியையும் பாத்துக்கிட்டது நீதான். எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

மறுநாள் அலுவலகத்துக்கு மூவரும் போனார்கள். மூத்தவர் மட்டும் ஆட்டோவில் தனியாக வந்தார், கடைசி நிமிஷத்திலாவது அம்மா மனம் மாறுவாளா என்று பார்க்க. கிழவி சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

மத்தியானம் ஜன்னலிலிருந்து ஒரு பெயர் கேட்டது. இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் அது தன் பெயர் என்று கேன்காரம்மாவுக்கு உறைத்தது. புதுப் புக்கை வாங்கி உரிமையாளர் என்ற இடத்தைத் தடவிப் பார்த்தாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வெளியே வெயில் கொளுத்தியது. ஆட்டோ எதுவும் கிடைக்காமல் மூத்தவர் நின்றுகொண்டிருந்தார். அவள் வண்டியை அவர் பக்கத்தில் நிறுத்தினாள்.

"வாங்க அத்தான், வீட்டுல விட்டுடறேன்."

அவர் முன்கதவுப் பக்கம் வந்தார். அங்கே கிழவி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நகர்கிற எண்ணம் அவளுக்கு இல்லை.

"பின்னாடி ஏறிக்கோங்க" என்றாள் வண்டியின் சொந்தக்காரி. "காலி கேன்தான் இருக்கு. உருளாம கொஞ்சம் புடிச்சுக்கோங்க."