கைப்பையில் இருந்த டிரெய்லர் ஆணி

செய்தி வந்தபோது நான் கஸ்தூரி அக்காவை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ரெட்டியார்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபம். காலை முகூர்த்தம் முடிந்து பந்தலைப் பிரித்துவிட்டார்கள். எங்கள் ஜெனரேட்டர் டிரெய்லர் மட்டும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மாலை வரவேற்புக்காரர்களின் வேன்கள் தெருவில் ஹாரன் அடித்தன. டிரெய்லரை ஜீப்போடு பூட்டுகிற இரும்பு ஆணி அக்காவின் கைப்பையில் இருந்தது. அக்கா போனை எடுக்கவே இல்லை. கடைசியில் அவருடைய மகள் வித்யாதான் கூப்பிட்டாள். "மாமா, கதிர்காமம் ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன். அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்துச்சு. இறந்துட்டாங்க மாமா." என் வாயில் ஏற்கெனவே தயாராக இருந்த கேள்வி தானாக வெளியே விழுந்தது. "ஆணி எங்க?" என்று கேட்டுவிட்டேன்.

புதுச்சேரியில் பந்தல், விளக்கு, ஜெனரேட்டர் என்று வாடகைத் தொழில் செய்கிற உங்கள் எல்லோருக்கும் அந்த ஆணியைத் தெரியும். யாரோ ஒருவருடைய டிரெய்லரை மண்டப வாசலிலிருந்து யாரோ இழுத்துப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, வண்டி நின்றதும் அக்கா ஆணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். பையில் சில்லறை, மாத்திரை, குங்குமப்பூ போட்ட பாக்குப் பொட்டலம், நடுவில் அந்தக் கனத்த ஆணி. அவர் வந்தால்தான் வண்டி நகரும். வண்டி நகர்ந்தால்தான் நானும் வீட்டுக்குப் போக முடியும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே தற்காலிகமாகத்தான். அக்காவின் கணவர் என் சிநேகிதர். அவர் திடீரென்று காலமானபோது, "வேற ஆளு கெடைக்கற வரைக்கும் வண்டி ஓட்டறேன்க்கா" என்று சொன்னேன். அக்காவும், "ஆளு பாத்துக்கினுதான் இருக்கேன் தம்பி" என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார். வித்யா பள்ளி முடித்துக் கல்லூரி முடித்து வேலைக்கும் போய்விட்டாள். ஆள் மட்டும் கிடைக்கவில்லை. முதலியார்பேட்டையில் ஒரு பேட்டரிக் கடை வைக்க வேண்டும் என்பது என் ஆசை. இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். அதை அக்காவிடம் சொல்லப் போன அன்றுதான், "தம்பி, சொந்தமா ஒரு டிரெய்லர் வாங்கலாம், ரெண்டு பேர் பேர்லயும்" என்றார். என் கழுத்தில் எதையோ மாட்டுவது போல இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அதுவரை ஜெனரேட்டரைக் குட்டியானை வேனில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் பலகை போட்டு, சங்கிலி மாட்டி, யார் காலிலாவது விழுந்துவிடுமோ என்று பயந்துகொண்டே செய்யும் வேலை. டிரெய்லர் தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க அக்கா செய்த அலம்பல் இருக்கிறதே! விழுப்புரம் சாலைப் பட்டறைகளில் அவர் இரும்பைத் தட்டிப் பார்க்கவில்லை, டயரை அழுத்திப் பார்க்கவில்லை. "இத கழட்டி வுடுங்க" என்பார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தனியாக டிரெய்லரின் மூக்கை, அதாவது ஜீப்போடு பூட்டுகிற முனையைப் பிடித்து ஒரு சுற்றுத் திருப்பப் பார்ப்பார். திரும்பாவிட்டால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். பட்டறைக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தெருவில் எல்லோருக்கும் அவர் ‘சொல்தா’, தன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு நான்கு சக்கர டிரெய்லர் வைத்திருந்தார். துருப்பிடிக்காத தகடு, நல்ல அகலம், இரண்டு ஜெனரேட்டர் தாராளமாக நிற்கும். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. "மதாம், இத வாங்கிட்டா உங்க பேரப் புள்ளைங்க வரைக்கும் ஓடும்" என்றார் அவர். அக்கா வழக்கம்போலத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இழுக்கறதுக்கு ஜீப் இருக்குதேக்கா, நீ ஏன் தள்ற?" என்றேன். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "முன்னால போறதுக்கு எல்லா வண்டியும் போவும் தம்பி. மாட்டிக்கினா திரும்பத் தெரியணும், அதான் எனக்கு வேணும்." கடைசியில் வாங்கியது ஒரு குட்டையான இரண்டு சக்கர டிரெய்லர். சுமையை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தால் மூக்கு கொக்கியில் அழுந்தி நிற்கும், பின்னால் ஆட்டம் போடாது. அதையும் அவரே நின்று அளந்து, ஜெனரேட்டருக்குக் கீழே சட்டம் அடிக்கச் சொன்னார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அந்த வருஷம் மாசிமகத்துக்கு ஒரு கிராமத்து அம்மனுக்கு விளக்கு எங்களுடையது. ஊருக்கு ஊர் சாமி கடலுக்கு வருகிற நாள். தீர்த்தவாரி முடிந்து, பொழுது சாயும் நேரத்தில் அம்மன் சாமி தூக்கிகளின் தோளில் வர, பின்னால் ஜீப்பில் நான், எனக்குப் பின்னால் டிரெய்லரில் ஜெனரேட்டர், அதன் பக்கத்தில் அக்கா நடை. அம்மன் ஒரு சந்துக்குள் திரும்பியது. அங்கே கற்பூரம் காட்ட ஒரு வீடு காத்திருந்தது. சாமி போகிற வழியில்தானே வெளிச்சமும் போக வேண்டும் என்று நானும் யோசிக்காமல் நுழைத்துவிட்டேன். சந்தின் மறுமுனையில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். சாமி தூக்கிகள் பலகை மேல் நடந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஜீப் போகாது. கதவைத் திறந்தால் சுவர் இடித்தது. பின்னால் எடுத்தால் டிரெய்லர் கோணிக்கொண்டு சுவரில் முட்டியது. தூரத்தில் இன்னொரு ஊர்ச் சாமியின் மேளம் இதே சந்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. வந்த சாமியைப் பின்வாங்கச் சொல்ல இந்த ஊரில் யாருக்கும் தைரியம் கிடையாது. பள்ளத்துக்கு அப்பால் ஊர்ப் பெரியவர் கத்தினார்: "அம்மன் இருட்டுல நின்னா அடுத்த வருஷம் நீங்க ஊருக்குள்ள வராதீங்க!"

அக்கா கேபிளைக் கழற்றினார், ஆணியை உருவினார், நாலு பேரைக் கூப்பிட்டார். டிரெய்லரைக் கையாலேயே பின்னுக்கு உருட்டிச் சந்து முனையில் ஒரே சுற்றில் திருப்பி, அடுத்த தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நான் ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தேன். "அக்கா, நானு?" என்று கத்தினேன். "நீ அங்கயே இரு தம்பி, ஒனக்கு வெளிச்சம் தேவையில்ல!" என்று குரல் மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் பள்ளத்துக்கு அப்பால் அம்மனின் முகம் பளிச்சென்று தெரிந்தது. எனக்குப் பின்னால் வந்து நின்ற சாமி பின்வாங்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் கதவு, கட்டில், பெஞ்சு எல்லாம் கொண்டுவந்து பள்ளத்தில் போட்டு, என்னையும் ஜீப்பையும் சேர்த்து அந்தப் பக்கம் தள்ளினார்கள்.

அன்று அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் பேட்டரிக் கடை விஷயத்தைச் சொன்னேன். அக்கா ஆச்சரியப்படவில்லை. "தெரியும் தம்பி. எடம் பாத்த அன்னிக்கே சொன்னாங்க. நீ வாயத் தொறந்து கேட்டா வுட்டுடலாம்னு இருந்தேன்" என்றார். பிறகு, "போறியா?" என்று கேட்டார். ஆணி பைக்குள் போய்விட்டிருந்தது. "நாளைக்கு லாஸ்பேட்டையில ஒரு ஃபங்ஷன் இருக்குதே" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மண்டபத்து ஆட்கள் கையாலேயே உருட்டி ஓரம் கட்டியிருந்த டிரெய்லர், அக்காவை அடக்கம் செய்த மறுநாளும் அந்த வாசலிலேயே நின்றது. மேனேஜர் எனக்காகக் காத்திருந்தார். துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், இந்த ஆணி எல்லா இரும்புக் கடையிலயும் கெடைக்குமே. ஒண்ணு வாங்கிப் போட்டு அன்னிக்கே இழுத்துகினு போயிருக்கலாமே?"

கிடைக்கும். எனக்குத் தெரியாதா? நேரு வீதியில் இரும்புக் கடை வாசலைத் தாண்டும்போதெல்லாம் அதே அளவு ஆணிகள் ஒரு டப்பாவில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அக்கா வரவில்லையே என்று எத்தனையோ வாசல்களில் புலம்பியபடி காத்துக்கிடந்திருக்கிறேன். ஒரு நாளும் ஒன்று வாங்கவில்லை. என்னைக் கட்டிப்போட்டுவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான்.

அன்று காலையில்தான் வித்யா அந்த ஆணியை என் கையில் கொடுத்திருந்தாள். "இனிமே ஒங்க இஷ்டம் மாமா" என்றாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கனத்தில் சட்டை ஒரு பக்கமாக இழுக்கிறது. இப்போது நான் எப்போது வேண்டுமானாலும் வண்டியைப் பூட்டலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம். இன்று ஒரு மண்டபத்தில் வேலை முடிந்து எல்லோரும் போன பிறகும், வழக்கம்போல ஜீப்பில் சாய்ந்துகொண்டு, அக்காவை இன்னும் காணோமே என்று தெருவையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.