கை எட்டாத இடத்தில் எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா இறந்த செய்தி எனக்கு ஏழாயிரம்பண்ணை பஸ்ஸுக்குள் வந்தது. பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டிகளோடு நெருக்கியடித்து நின்ற காலை நேரம். “அக்கா விடியக்காலம் போயிட்டாங்க, மாரி” என்றார் அவருடைய தம்பி போனில். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கக்கூட இடமில்லை. அடுத்த நிறுத்தம் வரும்வரை, முன்னால் நின்ற பெண்ணின் தோளைப் பார்த்தபடியே நின்றேன்.

ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் அவரோடு நர்ஸாக வேலை பார்த்த நம் எல்லோருக்கும் அவர் குரல் தெரியும். கட்டுப் பிரிக்கும்போது “வலிக்காது” என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. “வலிக்கும்யா. பத்து எண்ணுவேன், அதோட நிப்பாட்டிருவேன்” என்பார். பத்தில் நிறுத்தியும் விடுவார். வேலை பாதியில் கிடக்கிறதே என்று நான் ஒருமுறை முணுமுணுத்தேன். “இன்னைக்கு நாம பொய் சொன்னா, நாளைக்கு நம்ம கையைப் பாத்தாலே அலறுவாக” என்றார்.

அவருடைய அம்பாசடரும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்பா விட்டுப்போன வண்டி. அதில் இருந்த பழைய பெட்ரோல் பம்ப் கெட்டுப்போனதும், யாரோ ஒரு மெக்கானிக் பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்றைப் பின்பக்கம் மாட்டிக் கொடுத்திருந்தார். பழைய பம்ப், என்ஜின் நின்றால் தானும் நின்றுவிடும். இது அப்படியில்லை, சாவி போட்டிருக்கும்வரை ஓடும். அந்த வித்தியாசம் எங்கள் இருவருக்கும் தெரியாது.

வீட்டுக்குப் போய்விட்ட நோயாளி ஒருவருக்குக் கட்டு மாற்றிவிட்டு ஒரு மத்தியானம் திரும்பிக்கொண்டிருந்தோம். குறுக்கே வந்த ஆட்டுக்காக அக்கா வண்டியை ஒடித்தார். மூக்கு கீழாகச் சரிந்து, வறண்ட ஓடைக்குள் போய்ச் செருகிக்கொண்டது வண்டி. இரண்டு பக்கமும் கரை. கதவு ஒரு விரற்கடைகூடத் திறக்கவில்லை. அக்காவின் வலது கால் முன்பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. என்ஜின் நின்றுவிட்டது. ஆனால் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஏதோ டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது.

“மாரி, பெட்ரோல் வாடை அடிக்கி.”

முன்னால் குழாய் அறுந்திருந்தது. பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருந்தது. நான் பாய்ந்து சாவியைத் திருப்பினேன். இடித்ததில் வளைந்திருந்த சாவி கையோடு ஒடிந்து வந்தது. அக்கா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தீ ஒரு உடம்பை என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் சாப்பாட்டு நேரம். சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். ஒருவர் கடப்பாரையை ஓங்க, ஒரு அம்மா கத்தினாள்: “ஏலே, இரும்பு வேணாம்லே! பொறி பறந்துச்சுன்னா அம்புட்டும் போச்சு!” மூங்கில் குச்சியால் பின்கண்ணாடியின் ரப்பரை நெம்பி எடுத்து, கண்ணாடியை முழுசாகக் கழற்றினார்கள்.

அக்கா சொன்னார்: “நீ போ, மாரி.”

நான் போனேன். இதை எழுதாமல் இந்த அஞ்சலியை எழுத எனக்கு உரிமை இல்லை. பின்வழியாக ஏறிக் கரைமேல் நின்றேன். யாரோ செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். நான் குடித்துக்கொண்டிருந்தபோதும் உள்ளே பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. கசிந்த இடத்தில் மண்ணை அள்ளிப் போட்டார்கள். கையாலும் மரச்சட்டத்தாலும் கரையைப் பறித்துக் கதவைத் திறக்கும்வரை அக்கா அந்தச் சத்தத்தோடு தனியாக இருந்தார். பெட்ரோல் தீர்ந்த பிறகும் பம்ப் வெறுமனே அடித்துக்கொண்டிருந்தது. தீப் பிடிக்கவில்லை. கால் மட்டும் முறிந்திருந்தது.

வண்டியை விற்றுவிடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். கால் கூடியதும் விருதுநகரில் ஒரு பட்டறைக்கு அதைக் கொண்டுபோனார். என்னையும் கூட்டிப்போனார்.

“பம்பை அணைக்கத் தனியா ஒரு சுவிட்ச் வச்சுத் தாரேன், சிஸ்டர்” என்றார் மெக்கானிக்.

“எங்க வைப்பீக?”

“கைக்கு எட்டுற மாதிரிதான்.”

“எட்டாதுய்யா. நான் எட்டாமக் கெடந்தவ. நான் தொடாமலே அது அணையணும்.”

பத்து நாள் கழித்து, உடைக்க வந்த ஒரு புது மாடல் காரிலிருந்து உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார் மெக்கானிக். அதற்குள் ஒரு இரும்புக் குண்டு காந்தத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும். வண்டி பலமாக இடித்தால் குண்டு தெறித்து, பம்புக்குப் போகும் கரண்டு அறுந்துவிடும். மறுபடி ஓட வேண்டுமென்றால் மேலே உள்ள பொத்தானை அமுக்க வேண்டும். அதை வண்டியில் நேராக நிறுத்தித் திருகாணி முடுக்குவதற்கு முன், வயரை இணைத்துப் பம்பை ஓடவிட்டு, பெட்டியைக் கையில் பிடித்து ஒரு தட்டு தட்டினார். டக்டக் நின்றது.

“இன்னொருக்கா தட்டுங்க” என்றார் அக்கா. எத்தனை முறை தட்டச் சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. பிறகு உள்ளே போய் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார், உடனே திறந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. மறுபடி சாத்தினார்.

நான் ஜன்னலோரம் நின்று கேட்டேன்: “அக்கா, அன்னைக்கு நான் போயிருக்கக் கூடாதுல்ல?”

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். “போன்னு நெசமாத்தான் சொன்னேன். போயிறாதன்னும் நெனச்சேன். ரெண்டும் நெசம்தான் மாரி. உன்மேல கோவம் இல்ல” என்றார்.

கோவம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருக்கலாம். அந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். “ஏறு மாரி, ஒரு ரவுண்டு போவோம்” என்று அன்று கூப்பிட்டார். நான் ஏறவில்லை. அதற்குப் பிறகும் ஒரு நாளும் ஏறவில்லை.

ஒருமுறை சந்தைப் பக்கம் மிளகாய் லோடு ஏற்றி வந்த வேன் அந்த அம்பாசடரின் முகத்தில் மோதியது. அக்கா அங்கிருந்தே எனக்கு போன் செய்தார். அடிபட்டதா என்று நான் கேட்பதற்குள், “நின்னுருச்சு மாரி! தானா நின்னுருச்சு!” என்று சிறுபிள்ளைபோலச் சிரித்தார்.

கடைசியில் அவர் நெஞ்சு எந்த எச்சரிக்கையும் தராமல் நின்றது. பக்கத்தில் இருக்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். இப்போதும் வலியில் கிடப்பவர்கள், “நீங்க போய்ச் சாப்பிடுங்க சிஸ்டர், நான் இருந்துக்கிடுதேன்” என்பார்கள். அவர்கள் நிஜமாகத்தான் சொல்கிறார்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.