நோன்பும் வெறும் வயிறும்

இத்தாலியின் பலெர்மோ நகரில் சனிக்கிழமைகளில் நான் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறேன். மற்ற நாட்களில் வீடு துப்புரவு செய்யும் வேலை. வகுப்பில் மிகக் கெட்டிக்காரப் பிள்ளைகள் நான்கு பேருக்குப் பாடப்புத்தகம் போதவில்லை. அதனால் எங்கள் சனத்துக்கு உதவும் வேலை ஒன்றை ஒரு வருடம் செய்யும்படி அவர்களிடம் சொன்னேன்.

அவர்களில் ஒருத்தி பிரான்காச்சோப் பகுதியிலிருந்து பஸ்ஸில் வருபவள், பதினைந்து வயது. இத்தாலிய மொழியில் வரும் ஆஸ்பத்திரிக் கடிதங்களைத் தமிழுக்கு மாற்றும் ஆப் ஒன்றை மூன்றே கிழமையில் செய்துவிட்டாள்.

"முடிஞ்சுது தானே, ரீச்சர்?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆட்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த மாதம், போர்கோ வெக்கியோப் பகுதியில் இருக்கும் ஓர் அக்கா கோபத்தோடு வகுப்புக்கு வந்தார். இரத்தப் பரிசோதனைக்கு 'டிஜுனோ'வாக, அதாவது ஒன்றும் சாப்பிடாமல், வரச் சொல்லி அவருக்குக் கடிதம். ஆப் அதை 'நோன்பு' என்று காட்டியிருக்கிறது. அக்கா மீன், இறைச்சி என்று மச்சத்தை விட்டுவிட்டு, காலையில் பால் தேத்தண்ணியும் பாணும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தாதி திருப்பி அனுப்பிவிட்டார்.

"தவக்காலத்திலை நாங்கள் அப்பிடித்தானே நோன்பு இருக்கிறனாங்கள்? வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராட்டைக் கெஞ்சி எடுத்த லீவும் போச்சு."

"டிக்ஷனரியிலை அப்பிடித்தான் கிடக்கு," என்றாள் பிள்ளை.

"வெறும் வயித்தோட வா எண்டு போட்டிருந்தா விளங்கியிருக்குமே!"

'வெறும் வயிறு' என்ற சொல் அவளுக்குத் தெரியாது. வெளியே போய் அழுதாள். பிழை விட்டுப் பழகாத பிள்ளை. இனி வரமாட்டேன் என்றாள்.

"பிழை என்னிலையும்தான்," என்றேன். "முதலே ஆருக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ எண்டு நான் சொல்லேல்லை. விடுறதெண்டா விடு. ஆனா அந்த அக்காவோட ஆஸ்பத்திரிக்கு ஒருக்காப் போயிட்டு வா."

யோசித்துவிட்டு, "ஓம், போறன்," என்றாள்.

மறுமுறை அக்காவோடு போய் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தாள். அங்கே அக்கா தன்னிடம் கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்ட சொற்களையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள். அதன்பிறகு நால்வரும் சனிக்கிழமை தோறும், பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மாருக்கு ஆப்பின் வசனங்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். விளங்காததை அழித்தார்கள். சில நாள் ஒரு வசனம்கூடத் தேறாது, நானே சலித்துப்போயிருக்கிறேன்.

வருட முடிவில் ஆப் பாதியாகச் சுருங்கியிருந்தது. ஆனால் அதில் இருந்தது எல்லாருக்கும் விளங்கியது. அக்கா மட்டும் இன்றைக்கும் அதைத் திறப்பதில்லை. கடிதம் வந்தால் நேரே அந்தப் பிள்ளைக்குத்தான் போன் எடுக்கிறார்.