காஸ்பர் உல்மரும் என் முதல் குதிரையும்

காஸ்பர் உல்மருக்கு நான் இருபத்தைந்து டாலர் கடன்பட்டிருந்தேன். முப்பத்தாறு வருஷம் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பணமில்லாமல் இல்லை. செயின்ட் லூயிஸின் தெற்குப் பக்கத்தில் ஐஸ் என்றாலும் நிலக்கரி என்றாலும் எமில் டீட்ஸ்தான். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று பதினோரு லாரி ஓடுகிறது. என் கணக்கை எழுதுகிறவன் கல்லூரியில் படித்தவன், என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பான். இதையெல்லாம் நான் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லும். ஆனால் நம் படகு கிளப்பின் மலருக்குக் காஸ்பரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவனைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அது எனக்குப் பெருமையாக இருக்காது.

காஸ்பர் ஆற்றில் மணல் அள்ளும் தோணியில் வேலை பார்த்தான். நல்ல உயரம், கழுத்து குட்டை, கை இரண்டும் மண்வெட்டி மாதிரி. எங்கள் நால்வர் படகில் மூக்குப் பக்கத்து இடம் அவனுடையது. துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். சுக்கான் பிடிக்க ஆள் இல்லாத படகு அது. வழி பார்த்துச் சொல்வது மூக்கில் இருப்பவன் பொறுப்பு. அந்தக் காலத்துப் பந்தயம் போய்த் திரும்புகிற பந்தயம். கொடிக் கம்பத்தைச் சுற்றி வர வேண்டும். காஸ்பர் ஒரே ஒரு தடவை தோளுக்கு மேலே திரும்பிப் பார்ப்பான், "இப்போ" என்பான். பூட்டில் சாவி திரும்புகிற மாதிரி படகு திரும்பும். இந்த ஆற்றில் அவனைப் போல அதைச் செய்தவன் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நானே செய்ததில்லை, அதற்கு மேல் என்ன சொல்ல.

1903 ஜூன் வெயிலில் என் ஐஸ் வண்டிக் குதிரை நடுத்தெருவில் விழுந்து செத்தது. ஒரே வண்டி, ஒரே குதிரை. ஐஸ் எல்லாம் உருகிச் சாக்கடையில் ஓடியது. மறுவாரம் ஜூலை நாலு, சுதந்திர தினம். பக்கத்து ஊரான ஆல்டனில் மதுக்கடைக்காரர்களின் பிக்னிக் ஒன்றில் சின்னப் படகுப் பந்தயம் வைத்திருந்தார்கள். பரிசு இருபத்தைந்து டாலர், தங்கக் காசாக.

"நான் போறேன்டா," என்றான் காஸ்பர்.

"காசுக்குத் துடுப்புப் போட்டா கிளப்புல பேரை அடிச்சிருவாங்களே!"

"நான் துடுப்புதான் போடப் போறேன். காசைத் தொடப் போறது நீ. தொப்பியை நீட்டி வாங்கிக்க. ஐஸ் வித்துத் திருப்பிக் குடு."

காசைத் தொடாதவன் காசுக்குத் துடுப்புப் போட்டவன் ஆக மாட்டான் என்று அவன் மனப்பூர்வமாக நம்பினான். ஜெயித்தான். ஐந்து தங்கக் காசும் என் தொப்பியில்தான் விழுந்தன. அதை வைத்துத்தான் லோட்டி என்கிற பழுப்புப் பெண் குதிரையை வாங்கினேன். இந்தப் பதினோரு லாரியும் அந்தக் குதிரையின் வயிற்றிலிருந்து வந்தவைதான்.

மறுவருஷம் நம் ஊரில் உலகக் கண்காட்சி. அதோடு சேர்த்து ஒலிம்பிக் பந்தயங்களும் வந்தன. கிரீவ் கூர் ஏரியில் படகுப் போட்டி. எங்கள் நால்வருக்கும் இடம் கிடைத்தது. உள்ளூரில் எங்களை முந்த ஆள் கிடையாது. பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வேறு கிளப்பிலிருந்து யாரோ புகார் எழுதிப் போட்டார்கள். உல்மர் ஆல்டனில் காசுக்குத் துடுப்புப் போட்டவன் என்று. அப்படிப்பட்டவனுக்கு ஒலிம்பிக்கில் இடம் கிடையாது என்பது அந்தக் காலத்துச் சட்டம்.

படகுக் கொட்டகை மாடியில் மூன்று பேர் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் கிளப் கேப்டன் ஹார்ட்விக். நாங்கள் நாலு பேரும் நின்றோம்.

"ஆல்டன்ல துடுப்புப் போட்டது உண்மையா?" என்றார் கேப்டன்.

"உண்மைதாங்க."

"பரிசுப் பணத்தை வாங்கினியா?"

"நான் தொடவே இல்லைங்க."

"பின்ன யார் வாங்கினது?"

காஸ்பர் என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பை எடுத்துக் கொடு என்று கேட்கிற மாதிரி பார்த்தான். "எமில் அங்க இருந்தான். அவன்கிட்டயே கேளுங்க."

ஒரு வாக்கியம் போதும். நான்தான் வாங்கினேன் என்றால் அவன் படகில் இருப்பான், நான் கரையில் நிற்பேன். என் அம்மா அண்டை வீட்டார் பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டிருந்தாள். என் பெயர் செய்தித்தாளில் வந்திருந்தது, அதை வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

"நான் பீர் குடிச்சிட்டு இருந்தேன் கேப்டன். பணத்தை யார் வாங்கினாங்கன்னு பாக்கல."

"அதே மாசம் நீ குதிரை வாங்கினதா சொல்றாங்களே?"

"சிறுகச் சிறுகச் சேத்து வெச்ச என் சொந்தக் காசு. எவனுக்கும் ஒரு சென்ட் கடன் கிடையாது."

கேப்டன் பேனாவை எடுத்துக் காஸ்பரின் பெயரை அடித்தார். காஸ்பர் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். படிக்கட்டில் அவன் பூட்ஸ் சத்தத்தை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

பந்தயத்தன்று அவன் வந்திருந்தான். எங்கள் படகைத் தோளில் சுமந்து தண்ணீரில் இறக்கினான். அவன் இடத்தில் உட்கார்ந்த வில்லெமின் கால் பலகையை முடுக்கிக் கொடுத்தான். "கொடி கிட்ட வந்ததும் ஒரு தடவை பாரு போதும். ரெண்டாவது தடவை பாத்தா பயம் வந்துரும்," என்று சொல்லிக் கொடுத்தான். வில்லெம் மூன்று தடவை பார்த்தான். கம்பத்தை விட்டு அகன்று போய்ப் பெரிய வட்டம் அடித்தோம். அந்த வட்டத்தில் போனது போனதுதான். இரண்டாவதாக வந்தோம். வெள்ளி மெடல் என் ஆபீஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் பார்க்காத வாடிக்கையாளர் கிடையாது.

ஒரு வாரம் கழித்து இருபத்தைந்து டாலரை எடுத்துக்கொண்டு மணல் தோணிக்குப் போனேன்.

"என்ன காசு?" என்றான்.

"குதிரைக் காசுடா."

"எவனுக்கும் ஒரு சென்ட் கடன் இல்லைன்னு சொன்னியே. இல்லாத கடனை நான் எப்படிடா வாங்குறது?"

"காஸ்பர், விளையாடாத."

"நீயே சொல்லிருவேன்னு நெனச்சேன்டா எமிலு. அதான் வாயைத் திறக்காம இருந்தேன்." மண்வெட்டியை மணலில் குத்தினான். "எங்க இல்லைன்னியோ அங்க போய் இருக்குன்னு சொல்லு. அப்புறம் கையை நீட்டுறேன்."

நான் சொல்லவில்லை.

காசுக்குத் துடுப்புப் போட்டவன் என்று பெயர் விழுந்த பிறகு அவனை எந்தப் படகிலும் உட்கார விடவில்லை. இனிக் கெட ஒன்றுமில்லை என்று நம் கிளப்பிலேயே சம்பளத்துக்குச் சேர்ந்தான். மணல் வேலையை விட்டு, படகுக்கு வார்னிஷ் அடித்தான், விரிசல் ஒட்டினான், எத்தனையோ பேருக்குத் திருப்பம் சொல்லிக் கொடுத்தான். இன்று இந்த ஊரில் படகு திருப்பத் தெரிந்தவனெல்லாம் அவன் ஆள்தான். சம்பள ஆள் மெம்பர்கள் மேஜையில் உட்காரக் கூடாது என்பது கிளப் வழக்கம். ஒவ்வொரு வருஷ விருந்திலும் நான் சாஸேஜ் சாப்பிடுவேன், அவன் கதவருகே தட்டை வைத்துக்கொண்டு நிற்பான்.

என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றுதான் கேட்பான். "எமிலு, குதிரை எப்படி இருக்கு?" லோட்டி செத்து, இன்னும் ஆறு குதிரை வந்து செத்து, லாரி வாங்கிய பிறகும் கேட்டான். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். பழைய சிநேகிதர்களின் கேலி என்று நினைப்பார்கள். நானும் சிரிப்பேன். உடனே பேச்சை வேறு பக்கம் திருப்புவேன்.

போன ஏப்ரலில் கிளப்புக்குப் புதுப் படகு வாங்கிக் கொடுத்தேன். முழுப் பணமும் என்னுடையது. அதற்கு என் பெயரையே வைப்பது என்று முடிவானது. மூக்கில் 'எமில் டீட்ஸ்' என்று தங்க எழுத்தில் எழுதியவன் காஸ்பர். படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு முந்தின நாள் பார்க்கப் போனேன்.

"லோட்டின்னு வெச்சிருக்கலாம்," என்றான் தூரிகையைத் துடைத்துக்கொண்டே. "அவதான் உழைச்சவ."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் படகுத்துறை மேடையில் கூடினோம். என் பிள்ளைகள், என் டிரைவர்கள், மெம்பர்கள். அன்று மேஜை போட்டு விசாரித்த மூன்று பேரில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் ஹார்ட்விக் கேப்டன் மட்டும். எண்பத்தொரு வயது, காது மந்தம், நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். அடுத்த ஏப்ரலுக்கு இருப்பார் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை. கிளப் தலைவர் பேசினார். "தன் சொந்தக் காசில் வாங்கிய ஒரே ஒரு குதிரையோடு வாழ்க்கையைத் தொடங்கிய மனிதர்…" என்றார். நான்தான் அவருக்கு அதைச் சொல்லியிருந்தேன். நூறு தடவை நூறு பேருக்குச் சொன்ன கதை.

படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் காஸ்பர் நின்றான். என்னைப் பார்த்தான். அதே உப்புக் கேட்கிற பார்வை.

பீர் குப்பியைக் கீழே வைத்தேன். கேப்டனிடம் போனேன். "அந்தக் குதிரை என் காசு இல்லை கேப்டன்."

"என்ன சொல்றான் இவன்? சத்தமாச் சொல்லுப்பா!"

"ஆல்டன் காசை வாங்கினது நான்! காஸ்பர் தொடல!"

"யாரு?"

ஆற்றின் அக்கரைக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். "நான்! என் தொப்பியில வாங்கினேன்! உங்ககிட்ட பொய் சொன்னேன்! காஸ்பருக்கு இருபத்தஞ்சு டாலர் கடன்!"

என் மூத்த பையன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேப்டன் காஸ்பர் பக்கம் திரும்பினார். "அப்போ அன்னிக்கி நாங்க தப்பான ஆளைத் தூக்கிட்டோம்."

"முப்பத்தஞ்சு வருஷத்துல தெரிஞ்சிருச்சே கேப்டன்," என்றான் காஸ்பர். "நம்ம கிளப்புக்கு அது சீக்கிரம்தான்."

தண்ணீரிலிருந்து ஏறி வந்தான். நான் பர்ஸைத் திறந்து கைக்கு வந்ததையெல்லாம் எடுத்தேன். நூறுக்கு மேல் இருக்கும்.

"ஐஸ் கம்பெனிப் பணத்தைக் காட்டாதடா. இருபத்தஞ்சு. அதையும் எண்ணிக் குடு, கேப்டன் பாக்கட்டும்."

ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினான். காய்ப்புகள் அப்படியே இருந்தன, விரல் ஓரத்தில் என் பெயரை எழுதிய தங்கப் பூச்சு ஒட்டியிருந்தது. தங்கக் காசுதான் இப்போது புழக்கத்தில் இல்லையே. ஐந்து டாலர் நோட்டுகளாகத் தேடி எடுத்தேன். ஐந்து என்றேன், பத்து என்றேன், பதினைந்து, இருபது என்றேன், கேப்டனுக்குக் கேட்கவில்லை என்று இருபதை இன்னொரு தடவை கத்திச் சொல்லிவிட்டு, கடைசி நோட்டை அந்த உள்ளங்கையில் வைத்தேன்.