சக்கரவர்த்தியின் சிவப்புக் கட்டங்கள்

நடுவர் பந்தை மேலே எறிவதற்கு முன்பே சக்கரவர்த்தி இரண்டு கைக்கடிகாரங்களை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். ஒன்று அவருடையது. இன்னொன்று அவர் மனைவி கமலத்தினுடையது. ஒரே கடிகாரத்தை நம்பி ஓர் ஆட்டத்தைக் கணக்கெடுப்பது மடத்தனம் என்பது அவர் கட்சி. இரண்டும் வெவ்வேறு நேரம் காட்டினால் எதை நம்புவீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ரெண்டையும் நம்பமாட்டேன் சார். அதுக்குத்தான் ரெண்டு" என்றார்.

ஆரணிக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் கல்லூரி. அங்கே அவர் புள்ளியியல் ஆசிரியர், நான் தமிழாசிரியன். அவருக்கு நாற்பத்தேழு வயது. ஒல்லியான உடம்பு, பெரிய காது. எதிரில் இருப்பவர் பேசும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார், செல்லாத ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பவர் மாதிரி. எந்தச் செய்தியைச் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நீங்க பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" கல்லூரி முதல்வரின் மாமியார் இறந்துபோன சேதி வந்தபோதும் இதையே கேட்டார். அன்று ஆசிரியர் அறையில் யாரும் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

பால்காரர் அவர் வீட்டுக்குப் பால் ஊற்றிவிட்டு, பால்மானி மேலே மிதக்கிறவரை வாசலில் நிற்க வேண்டும். சமையல் வாயு உருளை வந்தால் தராசு வரும். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் தேதியையும் கிழமையையும் நாள்காட்டியில் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் வாழ்த்துச் சொல்வார். ஒரு தடவை உண்மையிலேயே கிழமை தப்பாக அச்சாகியிருந்தது. அதை அவர் கண்டுபிடித்துச் சொன்ன நாளிலிருந்து ஊரில் யாரும் அவரைக் கேலி செய்வதில்லை, பயப்படுகிறார்கள்.

இப்படிப்பட்டவருக்குக் கூடைப்பந்து எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆடத் தெரியாது. பந்தைக் கையில் கொடுத்தால் பலாப்பழத்தை வாங்குவதுபோல வாங்குவார். ஆனால் 1999-லிருந்து இந்த 2004 வரை எங்கள் கல்லூரி ஆண்கள் அணி உள்ளூரில் ஆடிய ஓர் ஆட்டத்தைக்கூட அவர் விட்டதில்லை. கையில் ஒரு பெரிய கட்டத்தாள், பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர்கள் வாங்குவார்களே, அது. சட்டைப் பையில் பச்சை பென்சில் ஒன்று, சிவப்பு பென்சில் ஒன்று.

அவர் கணக்கு விநோதமானது. தாளில் நெடுக்குப் பத்தி ஒவ்வொன்றும் ஓர் ஆட்டக்காரன். குறுக்கு வரி ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் எதிரணியைவிட நாம் கூடுதலாகப் புள்ளி எடுத்திருந்தால், அப்போது உள்ளே ஆடும் ஐந்து பேரின் கட்டத்திலும் பச்சை. குறைவாக எடுத்திருந்தால் ஐந்து பேருக்கும் சிவப்பு. வெளியே உட்கார்ந்திருப்பவனுக்கு வெற்றுக் கட்டம். வரியின் ஓரத்தில் அந்த நிமிடத்தின் புள்ளி வித்தியாசமும், எதிரணியில் யார் யார் உள்ளே இருந்தார்கள் என்பதும் பொடி எழுத்தில் இருக்கும். பந்தைக் கூடையில் போட்டவன் யார் என்று அவர் குறிப்பதே இல்லை. ஒருவன் உள்ளே இருக்கும்போது அணி ஏறுகிறதா இறங்குகிறதா, அது ஒன்றுதான் அவருக்கு வேண்டும்.

"கைதட்டறவன் பொய்சாட்சி சார்" என்பார். "பந்து உள்ள போனத மட்டும் பாக்கறான். அந்த நேரத்துல பின்னால எத்தினி ஓட்டை விழுந்துகினு இருக்குதுன்னு எவன் பாக்கறான்?"

போன வருடம் பேருந்து நிலையம் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அமெரிக்காவில் இதே முறையில் கூடைப்பந்துக்குக் கணக்குப் போடுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். நம்மில் யாராக இருந்தாலும் பூரித்துப் போயிருப்போம். அவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். தன் கட்டத்தாள்களை ஆசிரியர் அறை அலமாரியில் பூட்டாமல் வைத்திருந்த நாட்கள் எவை என்று யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

அன்பரசு மூன்றாமாண்டு வரலாறு படிக்கிறான். வெம்பாக்கம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை, அப்பா அம்மா இருவருக்கும் கூலி வேலை, அவனுக்கு அரசு விடுதியில் வாசம். ஆறடி உயரம். உள்ளே இறங்கினால் ஆட்டத்துக்குப் பதினெட்டு இருபது புள்ளி எடுக்காமல் வரமாட்டான். மொத்தக் கல்லூரியும் அவன் பெயரைச் சொல்லிக் கத்தும். கத்துவதாலேயே சக்கரவர்த்திக்கு அவன் மேல் சந்தேகம்.

இந்த வருடத்துப் பதினொரு ஆட்டத் தாள்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிப் பார்த்தார். அன்பரசுவின் பத்தி மேலிருந்து கீழ்வரை சிவந்து கிடந்தது. அவன் ஆடிய நூற்றெண்பது நிமிடத்தில் அணி ஐம்பத்திரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. அவன் வெளியே இருந்த இருநூற்றறுபது நிமிடத்தில் முப்பது புள்ளி முன்னால். உடற்கல்வி இயக்குநர் எல்லப்பனிடம் தாளை விரித்துக் காட்டி, போடுகிற புள்ளியைவிட விடுகிற புள்ளி அதிகம், இவன் கண்ணைக் கட்டுகிறான் என்று சொல்லிவிட்டார்.

அது பல்கலைக்கழக மண்டலப் போட்டிக்குப் பன்னிரண்டு பேர் கொண்ட பட்டியல் தயாராகும் நேரம். அந்தப் போட்டியில் ஆடிய சான்றிதழ் கையில் இருந்தால் காவல்துறை வேலைக்கு விளையாட்டுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். அன்பரசுவுக்கு இதுதான் கடைசி வருடம், இந்தச் சான்றிதழ்தான் அவன் படித்த மூன்று வருடத்துக்கும் பலன். வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஏறியது. அவன் பெயர் இல்லை. போய்க் கேட்டவனிடம் எல்லப்பன், "சக்கரவர்த்தி சார் கணக்கு அப்படி" என்று கையை விரித்துவிட்டார்.

ஆசிரியர் அறைக்கு அவன் வந்தபோது நானும் இருந்தேன். சத்தம் போடவில்லை. மேசையில் கிடந்த கட்டத்தாளை நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சார், இதுல ஒவ்வொரு கட்டமும் ஒரு நிமிசம்னு சொன்னாங்க. என் ஊரு எந்தக் கட்டத்துல சார் வருது?"

சக்கரவர்த்திக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் அவர் காது சிவந்தது. கணக்கில் ஊருக்கு இடமில்லை என்று என்னவோ சொல்லத் தொடங்கினார், அதற்குள் அவன் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். பட்டியலில் இருந்த பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் ஊருக்குள் தறிக்கார வீட்டுப் பிள்ளைகள், சக்கரவர்த்தியும் தறிக்கார வீடு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்பரசு கேட்பதற்கு முன்பே எனக்குள்ளும் அந்தச் சந்தேகம் எட்டிப் பார்த்திருந்தது. கேட்காமல் இருந்ததற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் காலையில் அவர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார், சாட்சிக்கு. தன் கணக்கைத் தானே மறுபடி சோதிக்கப் போவதாகவும், தனியாகச் செய்தால் தன்னையே ஏமாற்றிக்கொள்ள வாய்ப்பு இருப்பதாகவும் சொன்னார். கூடம் முழுக்கத் தாள்களை விரித்தோம். நான் வாசிக்க, அவர் கூட்ட, மூன்று தடவையும் அதே ஐம்பத்திரண்டு வந்தது. பக்கத்து அறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த கமலம், மிதித்துவிடாமல் ஓரமாக நின்று தாளைப் பார்த்தார். சிவப்பு ஏன் அங்கங்கே திட்டுத்திட்டாக இருக்கிறது என்று கேட்டார். கணவர் அன்பரசுவின் பத்தியைக் காட்டி விளக்கினார்.

பட்டு நெய்கிற வீட்டில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. புடவையின் நீளத்துக்கும் ஒரு கோடு ஓடினால் பாவில், அதாவது நெடுக்கு நூலில், அந்த ஓர் இழை கோளாறு, அதை எடுத்துவிட்டு வேறு இழை போடுவார்கள். குறுக்கே கோடு விழுந்தால் கோளாறு ஊடையில், குறுக்கு நூலில். அந்த நேரத்தில் ஓடிய நூல் சரியில்லை என்று அர்த்தம், பாவு இழைகளின் மேல் பழி இல்லை. சக்கரவர்த்தி பிறந்ததிலிருந்து பார்த்த விஷயம்தான். ஒரே பத்தி சிவந்து கிடந்ததும் கை தானாக இழையைப் பிடுங்கப் போய்விட்டது.

கமலம் குனிந்து, அன்பரசு இறங்கிய நிமிடத்துக்கு மேலே இருந்த மூன்று வரிகளில் விரலைக் குறுக்காக ஓட்டினார். அங்கே அவன் கட்டம் வெறுமையாக இருந்தது. உள்ளே ஆடிக்கொண்டிருந்த மற்றவர்களுக்கெல்லாம் சிவப்பு.

"அந்தப் பையன் எறங்கறதுக்கு முன்னாடியே செவந்துகினு வருதே. இது பாவுல இல்லீங்க, ஊடையில. நல்ல இழையப் புடுங்கிட்டீங்க" என்றார். சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

அடுத்த தாளிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். விஷயம் இவ்வளவுதான். எல்லப்பன் எப்போதும் ஊர்ப் பிள்ளைகளை இறக்கி ஆட்டத்தை ஆரம்பிப்பார். எதிரணி தன் உயரமான ஆட்களைக் கொண்டுவந்து அடிக்கத் தொடங்கிய பிறகுதான், "அன்பரசு, ஜல்தி வா" என்று கூப்பிடுவார். தீப்பிடித்த இடத்திலெல்லாம் தீயணைப்பு வண்டி நிற்கிறது, ஆகவே கொளுத்தியது வண்டிதான் என்று நம்மாள் தீர்ப்பு எழுதிவிட்டார். எதிரணியின் உயரமான ஆட்கள் உள்ளே இருந்த நிமிடங்களை மட்டும் தனியாகப் பிரித்துக் கூட்டினோம். அப்போது அன்பரசு ஆடியிருந்தால் பத்து நிமிடத்துக்கு மூன்று புள்ளி இழப்பு. அவன் இல்லாவிட்டால் எட்டு.

சக்கரவர்த்தி சுவரில் சாய்ந்துகொண்டார். ஊரில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன், என் கூட்டலையும் சந்தேகப்பட்டேன், என் கேள்வியைச் சந்தேகப்படவில்லையே என்று சொன்னார். அவர் அப்படிக் குரல் தாழ்ந்து பேசி நான் கேட்டதில்லை. அதுவரை அவரோடு எனக்கு இருந்தது ஒருவகைப் பழக்கம்தான். அன்றைக்குத்தான் அவரைப் பிடித்தது.

திங்கட்கிழமை எல்லப்பனிடம் போனோம். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"வெள்ளிக்கெழம தூக்குன்னீங்க. திங்கக்கெழம போடுன்றீங்க. நடுவுல ரெண்டு நாளு. யாரு சார் வந்து பேசினது உங்ககிட்ட?"

வாழ்நாளெல்லாம் பிறரைக் கேட்ட கேள்வி தன்னிடமே வந்ததும் சக்கரவர்த்தி தாளின் ஓரத்தை நீவினார். பேசியது கமலம்தான் என்று சொன்னால் இன்னும் மோசமாகும். கடைசியில் எல்லப்பன் ஒன்றுக்கு இறங்கி வந்தார். புதன்கிழமை ஒரு வெளியூர் அணியோடு பயிற்சி ஆட்டம் இருக்கிறது, அதில் காட்டுங்கள், வியாழக்கிழமை பட்டியல் போயாக வேண்டும் என்றார். ஓர் ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று சக்கரவர்த்தி வாதாடிப் பார்த்தார். வேறு வழியில்லை என்றதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அன்பரசு எப்போது உள்ளே, எப்போது வெளியே என்பதை எல்லப்பன் முடிவு செய்யக் கூடாது. தானும் செய்யக் கூடாது. ஆட்டத்தை ஐந்தைந்து நிமிடமாக எட்டாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். நான்கு சீட்டில் உள்ளே, நான்கில் வெளியே என்று எழுதும் வேலை எனக்கு வந்தது. நான் எழுதிய எட்டையும் அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவில் போட்டார். எனக்குக் கோபம் வரவில்லை.

அந்த ஆட்டத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் உள்ளே இருந்த இருபது நிமிடத்தில் ஏழு புள்ளி முன்னால் போனோம், இல்லாத இருபதில் நான்கு பின்னால். வியாழக்கிழமை பட்டியலில் அவன் பெயர் ஏறியது. எல்லப்பனுக்குச் சந்தேகம் முழுதாகத் தீர்ந்ததா என்று தெரியவில்லை, தீர்ந்த மாதிரி அவர் காட்டிக்கொள்ளவில்லை. அன்பரசு மண்டலப் போட்டிக்குப் புறப்படும்போது என்னிடம் சொல்லிக்கொண்டான். சக்கரவர்த்தியிடம் சொல்லவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நான் சொல்ல வந்தது அந்தப் புதன்கிழமை மாலை நான்கு மணியைப் பற்றி. செம்மண் மைதானத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். முதல் சீட்டை எடுத்தோம். "உள்ளே" என்று வந்தது. அன்பரசு பனியனை உள்ளே செருகிக்கொண்டு, எங்கள் பக்கம் பார்க்காமல் நடுவட்டத்துக்கு நடந்தான். சக்கரவர்த்தி பென்சிலை எடுத்தார். நடுவர் விசிலை வாயில் வைத்தார். அப்போது இவர் எழுந்து, தாளையும் இரண்டு பென்சில்களையும் எல்லப்பனின் கையில் திணித்தார்.

"நீங்களே போடுங்க சார். இவன் நல்லா ஆடணும்னு எனக்கு ஆசை வந்துட்ச்சி. ஆசை வந்தவன் எண்ணக் கூடாது."

எல்லப்பன் தாளை விரித்துப் பிடித்தார். பந்து மேலே போனது. சக்கரவர்த்தி தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி, மைதானத்துக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு, மதில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.