தவுக்கேக்கு ஊட்டிய டின்பால்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஜோகூரில் உள்ள தெப்ராவில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் நடந்தது இது. ஆய்வுக்கூடம் என்றதும் வெள்ளைக் கோட்டும் நுண்ணோக்கியுமாக என்னைக் கற்பனை செய்துவிடாதீர்கள். எலிகளுக்குப் படுக்கை மாற்றுவதுதான் என் உத்தியோகம். தண்ணீர் வைப்பேன், கூண்டு கழுவுவேன், தினமும் காலையில் எடை போட்டு எழுதுவேன். சொந்தக்காரர்களிடம் 'மெடிக்கல் லைன்' என்று சொல்லிக்கொள்வேன். பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான் சொன்னோம். எலி விவகாரம் என் மனைவிக்குத் தாலி ஏறிய பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சமயம் எங்களிடம் வந்திருந்தது கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கப்போகிற ஒரு மருந்து. பெரியவர்களுக்கு அதனால் கெடுதல் இல்லை என்று முன்பே பார்த்துவிட்டார்கள். குழந்தைகளுக்கு? எங்கள் டாக்டர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். படிப்பில் நான் அவருக்கு நூறு வயது இளையவன். எனக்குப் புரிகிற மாதிரி ஒருமுறை சொன்னார்: "அண்ணே, பெரியவங்க உடம்புக்குள்ள நோயைப் பிடிக்கிற போலீஸ் ஸ்டேஷன் கட்டி முடிச்சாச்சு. பிள்ளைங்களுக்கு இப்பதான் செங்கல் அடுக்குறாங்க. இந்த மருந்து உள்ள போயி செங்கலை உருவுதான்னு நாம பார்க்கணும்."

பார்க்கிற விதம் இதுதான். பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டிகளில் சில கூண்டுகளுக்கு மருந்து கொஞ்சமாக, சில கூண்டுகளுக்குக் கூடுதலாக, சில கூண்டுகளுக்கு மருந்தே இல்லாத வெறும் நீர். எல்லாக் குட்டிகளையும் தினம் எடை போட வேண்டும். சில வாரம் கழித்துத் தடுப்பூசி மாதிரி ஒன்றைப் போட்டு, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு எழுகிறது என்று பார்ப்பார்கள்.

கூடுதல் மருந்து குடித்த கூண்டு ஒன்றில் ஒரு குட்டி இருந்தது. கண் திறந்த பிறகும் என் கட்டைவிரல் அளவுதான் இருந்தது. மற்ற ஏழும் தாயின் மடியில் முட்டி மோதிக் குடிக்க, இது ஓரமாகக் கிடக்கும். ஆனால் நான் கையில் எடுத்தால் உள்ளங்கை நடுவில் சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்துகொண்டு, 'என்ன, வேலை நடக்குதா?' என்பதுபோல் மூக்கை ஆட்டும். அதனால் தவுக்கே என்று பெயர் வைத்தேன். இங்கே முதலாளிகளை அப்படித்தான் கூப்பிடுவோம். என் வாழ்க்கையில் என்மேல் கத்தாத ஒரே முதலாளி அவர்தான்.

வீட்டில் என் மகளிடம் தவுக்கே கதை சொன்னேன். அவளுக்கு அப்போது நான்கு வயது. உலு திராமில் எங்கள் வீட்டு வாசலில் என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஓடி வந்து, "தவுக்கே இன்னிக்குச் சாப்பிட்டாரா?" என்பாள். இல்லை என்றால் முகம் வாடிவிடும். "நீ பால் குடுப்பா" என்றாள் ஒருநாள். மேலிடத்து உத்தரவு.

மறுநாள் பஞ்சு சுற்றிய காது குச்சி ஒன்றை எங்கள் தேநீர் அறையில் இருந்த டின்பாலில் முக்கி, பிளாஸ்டிக்கில் சுருட்டிக் காலுறைக்குள் செருகிக்கொண்டேன். விலங்கு அறைக்குள் உணவுப்பொருள் கொண்டு போகக் கூடாது. உடை மாற்றி, முகமூடி போட்டு, கையுறை மாட்டித்தான் நுழைய வேண்டும். ஜோகூர் பாலத்தில் சிகரெட் கடத்துகிறவன்கூட அப்படி வியர்த்திருக்கமாட்டான். தவுக்கே பஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நக்கினார். கண்ணை வேறு மூடிக்கொண்டார். எனக்கு ஆஸ்கார் விருது கிடைத்த மாதிரி இருந்தது.

ஆறு நாள் ஊட்டினேன். தவுக்கே கிடுகிடுவென்று எடை ஏறினார். நானும் பெருமையோடு எழுதிவைத்தேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக அதற்கு முன் இருந்ததில்லை.

ஏழாம் நாள் டாக்டர் தாளோடு வந்தார். "அண்ணே, இந்தக் குட்டி திடீர்னு ஏறுதே. தராசைப் பாருங்க."

எடைக்கல் வைத்துத் தராசைச் சோதித்தேன். ரொம்பத் தீவிரமாக முகத்தை வைத்துக்கொண்டு, "தராசு சரியாதான் இருக்கு டாக்டர்" என்றேன். பொய் இல்லை. தராசு நல்ல தராசு, பக்கத்தில் நின்றதுதான் கோணல்.

அவர் தாளைப் பார்த்தபடியே சொன்னார்: "அப்ப முதல்ல இளைச்சது மருந்தால இல்லபோல. தானா தேறி வந்துருச்சு. அப்படித்தான் எழுதணும்."

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னேன். என் மனைவி எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை செய்கிறவர். மகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு வரும். அதற்கான மருந்தை ஊசி இல்லாத சிறு பீச்சாங்குழலில் கோடு பார்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

"அந்த எலி குண்டானது மருந்தாலயா, பாலாலயா?"

"பாலாலதான்."

"அது உங்க டாக்டருக்குத் தெரியுமா?"

நான் மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"எங்க லைன்ல இப்படி ஒருத்தன் செஞ்சா மொத்த லாட்டையும் நிறுத்திருவாங்க லா. அங்க வெறும் ரிமோட் கண்ட்ரோல்தான் செய்றோம். நீங்க பிள்ளைங்க குடிக்கிறத வச்சு விளையாடிக்கிட்டு இருக்கீங்க." சொல்லிவிட்டு மகளின் வாயில் மருந்தைப் பீச்சினார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுங்கினாள்.

அந்தப் பீச்சாங்குழலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூண்டுக் குட்டிகளுக்கு நாங்கள் மருந்து கொடுப்பதும் அதே மாதிரி ஒன்றால்தான். இன்னும் கொஞ்சம் சிறியது, அவ்வளவுதான். தவுக்கே இளைத்துக் கிடந்ததுதான் அவர் சொல்ல வந்த சேதி. நான் பாசத்தைக் காட்டுகிறேன் பேர்வழி என்று அவர் வாயில் பாலை வைத்து அடைத்துவிட்டேன். இனி அந்த அளவு மருந்து எங்கோ ஒரு குழந்தைக்குப் போனால், அதன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

மறுநாள் காலை டாக்டர் அறைக்குப் போனேன். வேலை போனால் என்ன செய்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். எலியைத் தவிர எனக்கு வேறு யாரையும் குளிப்பாட்டத் தெரியாது. நகைச்சுவையாக ஆரம்பிக்கலாம் என்று ஒரு வசனம் தயார் செய்திருந்தேன். வாயைத் திறந்ததும் அது மறந்துபோனது. காது குச்சிவரை எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "என்ன பால்?" என்றார்.

"டின்பால், டாக்டர்."

"இனிப்பா?"

"ஆமா."

"அலமாக்." நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒரு வெற்றுத்தாளை என் பக்கம் தள்ளினார். "என்னிக்கி ஆரம்பிச்சீங்க, ஒரு நாளைக்கு எத்தன தடவ, எல்லாத்தையும் உங்க கையால எழுதுங்க. பேரும் போடுங்க." பிறகு என்னைப் பார்க்காமலே, "நானும் ஸ்டூடண்டா இருந்தப்ப ஒரு முயலுக்கு கேரட் திருடிக் குடுத்தேன். ஆனா யார்கிட்டயும் சொல்லல. இப்பவும் உறுத்துது" என்றார்.

அந்தக் கூண்டின் எட்டுக் குட்டிகளின் கணக்கையும் தனியே ஒதுக்கி, காரணத்தையும் மறைக்காமல் எழுதினார்கள். மருந்துக் கம்பெனியிடம் டாக்டர் வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, கூடவே மூன்று மாதம் வெறும் கூண்டு கழுவும் வேலை. என் முகத்தைவிட அந்த நாட்களில் கூண்டுகள் பளபளப்பாக இருந்தன.

அதே அளவு மருந்து குடித்த மற்றக் கூண்டுகளை டாக்டர் மறுபடி உற்றுப் பார்த்தார். அங்கேயும் அங்கங்கே ஓரமாகக் குட்டிகள் மெலிந்து கிடந்தன. ஊசி போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தியும் குறைவாகத்தான் எழுந்தது. குழந்தைகளுக்கு அந்த அளவு வேண்டாம் என்று அறிக்கையில் போனது. தவுக்கே சொல்ல வந்ததை, நல்லவேளை, அவருடைய சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஆய்வு முடிந்தால் எந்தக் குட்டியும் வீடு திரும்புவதில்லை. தவுக்கேயும் திரும்பவில்லை. அன்று மட்டும் நான் விலங்கு அறைக்குள் போக அனுமதி கேட்டேன். டாக்டர் சரி என்றார். கடைசிவரை தவுக்கே என் உள்ளங்கையில்தான் உட்கார்ந்திருந்தார், மூக்கை ஆட்டிக்கொண்டு. மகளிடம், தவுக்கே ஒரு பெரிய வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார் என்றேன். அவள், "அவருக்கு லீவு குடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னேன்.

இப்போது அவளுக்கு மருந்து அளந்து கொடுப்பது என் பொறுப்பு. பீச்சாங்குழலைக் கண்ணுக்கு நேரே பிடிக்கும்போதெல்லாம், அந்தக் கோட்டை அங்கே போட்டது கட்டைவிரல் அளவு இருந்த ஏதோ ஒரு தவுக்கேதான் என்று தோன்றும். பாசம் எவ்வளவு பொங்கினாலும் ஒரு சொட்டைக்கூட ஏற்றிவிட எனக்குக் கை வருவதில்லை.