பதினான்காம் இருக்கை

சிபெரூத் தீவுக்குப் போகும் விரைவுப் படகுக்குச் சீட்டு விற்கும் இணையதளத்தை ஆறு வருடமாகக் கவனித்து வந்தவள் ரிடா. நாற்பத்தொரு வயது, இந்தோனேசியாவின் பாடாங் நகரில் ஒண்டிக்கட்டை. தளத்தில் கோளாறு என்றால் மட்டும் படகு முதலாளிக்கு அவள் நினைவு வரும். மற்ற நாட்களில் யாருக்கும் வராது.

அந்த வாரம் அவருக்கு நினைவு வந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒரே இருக்கை இருவருக்கும் போனது. ஒரு கிழவர் கையில் சீட்டோடு துறைமுகத்தில் நிற்க, படகு அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. மறுநாள் காலை பெருநாள் சீட்டு விற்பனை. அதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாக முதலாளி சொல்லிவிட்டார்.

ஓட்டை எங்கே என்று ரிடாவுக்குச் சந்தேகம் இருந்தது. இருக்கை காலியா என்று பார்ப்பதற்கும் பெயரை எழுதுவதற்கும் நடுவில் இன்னொருவர் புகுந்துவிடுகிறார். ஆனாலும் கண்ணால் பார்க்காமல் கை வைக்க மாட்டாள், பிடிவாதக்காரி. சோதனைக்காகத் தன் கணினியிலிருந்து ஆயிரம் போலிப் பயணிகளை ஏவினாள். அத்தனை பேரும் ஒரே வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று தளத்தின் காவல் விரட்டிவிட்டது. அந்தக் காவலும் அவள் வைத்ததுதான்.

வேறு வீட்டில், வேறு இணைப்பில் ஒரு ஆள் வேண்டும். ஒரே ஒரு ஆள். போனில் இருந்த பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். எல்லாம் வாடிக்கையாளர்கள். அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

கடைசியில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவர் ஜுர்மா, புருஷன் போன பிறகு தனியாக இருப்பவர். அந்த ஊரில் அக்காவை அழைப்பதுபோல அழைத்தாள்.

"உனி, நான் அழுத்துற அதே நேரத்துல உங்க போன்ல ஒரு பட்டனை அழுத்தணும்."

"மூணு வருஷமா உன் இருமல்தான் சுவத்தைத் தாண்டி வருது. இன்னைக்குத்தான் ஆளே வந்திருக்க! சரி, உள்ள வா, உக்காந்து அழுத்துவோம்."

"இல்ல உனி. நீங்க உங்க வீட்டுல, நான் எங்க வீட்டுல. அப்பதான் சரிவரும்."

"நல்லாயிருக்கு போ, உன் விளையாட்டு."

நடுச்சுவரில் ஜுர்மா மூன்று தட்டுத் தட்டுவார்; மூன்றாவதில் இருவரும் அழுத்துவார்கள். நான்கு தடவை ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவதில் பதினான்காம் இருக்கை இருவருக்கும் வந்தது. ரிடாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவர் நுழைய முடியாதபடி, பார்ப்பதையும் எழுதுவதையும் சேர்த்து ஒரே பூட்டுக்குள் வைத்தாள். மறுபடி தட்டல். இருபது தடவையும் ஒருவருக்கே இருக்கை கிடைத்தது. வேலை முடிந்துவிட்டது.

"சரியாயிடுச்சா, ரிடா?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "நோன்பு திறக்கிற நேரமாகுது. நான் அடுப்பைப் பாக்கப் போகட்டுமா?"

வேலை விஷயத்தில் ரிடா இதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை.

"இல்ல உனி," என்றாள். "இன்னும் ஒரு தடவை தட்டுங்க."